முதல் வரிசை மனை

மலைமேல் இருக்கும் எங்கள் அரவேணுவில் கடல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆடி, ஆவணியில் எங்கள் குடும்பத்தில் கடலைத் தவிர வேறு பேச்சே கிடையாது. காப்பிக்குக் கடல், ரசஞ்சோற்றுக்குக் கடல், எழவு வீட்டில் போய் உட்கார்ந்தாலும் கடல்.

அப்போது தேயிலை விலை விழுந்து கிடந்தது. ஒரு கிலோ பச்சை இலையைப் பறித்து, மூட்டை கட்டி, தலையில் சுமந்து கொண்டுபோய்ப் போட்டால் கிடைக்கும் காசில் ரோட்டோரக் கடையில் டீயும் வடையும் சாப்பிட முடியாது. வடையை விட்டுக்கொடுத்தால் டீ கிடைக்கும். கோட்டுப் போட்ட நிபுணர்கள் கீழேயிருந்து வந்து, மண்டபத்தில் மைக் பிடித்து, "தரமான இலையைப் பறியுங்கள்" என்று எங்களுக்கு அறிவுரை சொன்னார்கள். இடைவேளையில் அவர்கள் குடித்தது காப்பி.

நான் மாணிக்கம். ஒரு தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கர், பச்சை இலை தூளாகும்வரை பார்த்துக்கொள்கிறவன். அதாவது, இருந்தேன். ஃபாக்டரியை மூடிவிட்டு முதலாளி கோயமுத்தூர் கிளம்பும்போது சாவிக்கொத்தை என் கையில் வைத்து, "மாணிக்கம், உங்கள நம்பித்தான்" என்றார். சம்பளத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் அந்த நெகிழ்ச்சியில் கேட்கவில்லை. அன்று முதல் வீட்டில் சம்பாதிப்பது என் மனைவி ரேகா. ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறாள். நான் சமைக்கிறேன். குக்கர் விசில் அடிக்கும்வரை அவளுடைய புவியியல் பாடப்புத்தகத்தைப் புரட்டுவேன். உலகத்தைப் பற்றி ஒரு மனிதன் அபிப்பிராயம் சொல்ல அவ்வளவு தகுதி போதும் என்று நினைத்திருந்தேன்.

வேணி என் தங்கை. அப்பாவின் ஒன்றரை ஏக்கர் தோட்டம் அவள் பேரில். பையனுக்குப் படிப்பு, பெண்ணுக்குத் தோட்டம் என்று அப்பா பிரித்துக் கொடுத்தார். படிப்பு என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்பதை இப்போதுதான் சொன்னேன்.

அவள் புருஷன் செந்தில்நாதன். மாப்பிள்ளை நல்ல மனுஷர், ஆனால் நிபுணர். மலைச்சரிவில் மண் இறங்காமல் கல் கட்டு எழுப்புவதில் அவருக்கு எங்கள் பக்கத்தில் ஜோடி கிடையாது. சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, இன்ன இடம் என்று வைப்பார். வைத்தால் அது அங்கேயே பிறந்த மாதிரி உட்காரும். நடுநடுவே தண்ணீர் வழிய ஓட்டை விடுவார். ரோடே பள்ளத்துக்கு இறங்கிய ஓர் ஐப்பசி மழையில் காண்ட்ராக்டர்கள் கட்டிய சுவர்களெல்லாம் வரிசையாகப் படுத்துக்கொண்டன. வேணி தோட்டத்துக்கு அடியில் மாப்பிள்ளை கட்டியது மட்டும் மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றது. அன்றைக்குப் பிடித்தது வினை. மண்ணுக்கு வரும் எந்த நோய்க்கும் கல் கட்டுதான் மருந்து என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் தங்கையா வந்தார். கடலோரத்தில் எங்கோ ஒரு குப்பம், அதை ஒட்டி முத்துமணல் நகர் என்று ஒரு லேஅவுட். தேயிலை விழுந்த ஊர்களாகப் பார்த்துப் பார்த்து வந்து, தோட்டத்தை வாங்கிக்கொண்டு கடலோர மனையைக் கொடுப்பது அவர் தொழில். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, கழுத்து நோகும் அளவுக்குத் தலையாட்டல். யாரையும் "அண்ணாச்சி" என்பார். எங்கள் வீட்டு நாயைக்கூட ஒரு தடவை சொன்னதாக ரேகா சத்தியம் செய்கிறாள்.

அவர் கொடுத்துவிட்டுப் போன போட்டோவை மாப்பிள்ளை என்னிடம் நீட்டினார். அகலமான வெள்ளை மணல். ஓரத்தில் தென்னை. தள்ளி, படகுகள், நாலைந்து ஓலை வீடுகள். மிச்சமெல்லாம் நீலம்.

"பாருங்க மச்சான். கொழுந்து பறிக்க வேண்டாம், கவாத்து வேண்டாம். ஆயுசுக்கும் அட்டை கடிக்காது. சும்மா ஒரு லாட்ஜ் கட்டி உட்டுட்டு உக்காந்துக்கலாம்."

"அந்தத் தென்னை மரம் ஏனுங்க மாப்ள, வேரெல்லாம் வெளிய நீட்டீட்டு நிக்குது?"

"அடி மண்ணு அரிச்சிருக்குதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சேவா?"

"தெரியாமயா? நம்ம ரோட்டோரத்துல சவுக்கு மரம் இப்பிடி நின்னா நாமளே நாலடி தள்ளித்தான் நடப்போம்." அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு கல் கட்டு போட்டா நின்னுட்டுப் போகுது மச்சான். அந்த ஊர்க்காரங்களுக்குக் கட்டத் தெரியலை. எல்லாம் சமதரையில பொறந்தவங்க, பாவம்."

வேணி அடுப்படி வாசலில் உட்கார்ந்து, விரல் நுனியில் ஏறியிருந்த இலைக் கறையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து அவள் போட வேண்டியது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவளைக் காப்பாற்றும் மும்முரத்தில் இருந்தேன்.

"மாப்ள, அலைன்னா என்னன்னு நெனச்சீங்க? மண்ணைக் கொண்டுட்டுப் போறதுதான் அதுக்கு வேலை. கட்டு நிக்காது."

"நீங்க கடலைப் பாத்திருக்கீங்களா மச்சான்?"

"புஸ்தகத்துல இருக்குது."

"புஸ்தகத்துல தேயிலைக்கு விலைகூடத்தான் இருக்குது," என்றார் மாப்பிள்ளை.

அப்போது வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருந்தால் என் மரியாதை மிஞ்சியிருக்கும். "ஞாயித்துக்கெழமை ஃபாக்டரிக்கு வாங்க. கடலையே காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து ரேகாவிடம் சொன்னபோது அவள், "எங்க, டம்ளர்லயா?" என்றாள்.

இலை வாட்டும் தொட்டியை நினைத்துத்தான் சொன்னேன். ஃபாக்டரி மாடியில் வண்டிப்பாதை நீளத்துக்கு இருக்கும். மேலே கம்பி வலை; அதில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விடுவோம். வலையைக் கழற்றிவிட்டால் அடியில் சிமெண்ட் தரையும் சுற்றுச்சுவரும். அதில் தார்ப்பாயை விரித்துத் தண்ணீர் விட்டேன். முதலாளி நல்ல காலத்தில் ஃபாக்டரியைப் பெரிசு பண்ண இறக்கிய ஆற்று மணல் கொல்லையில் குவிந்து கிடந்தது. அதைச் சட்டி சட்டியாகச் சுமந்து ஒரு கோடியில் கொட்டிச் சரிவாகத் தட்டினேன். ஒரு டீ மேக்கரின் இடுப்பு எதற்கு உண்டாக்கப்பட்டதல்ல என்பது அன்றைக்குத் தெரிந்தது. மறு கோடியில் ஒரு பலகை. பலகையைத் தள்ளினால் அலை. கடற்கரை தயார்.

ஒரே ஒரு சங்கடம். இத்தனை வருஷத்து டீத்தூள் அந்தத் தார்ப்பாயின் மடிப்பெல்லாம் இருந்திருக்கிறது. ஞாயிறு மத்தியானம் அவர்கள் வந்தபோது என் கடல் நல்ல கடுஞ்சாயா நிறத்தில் இருந்தது.

வேணி எட்டிப் பார்த்தாள். "அண்ணா, சர்க்கரை போட்டீங்களா?"

நான் காதில் வாங்காத மாதிரி பலகையைப் பிடித்தேன். "பாத்துக்கங்க மாப்ள. இப்ப அலை வருது. மண்ணைத் தூக்கீட்டுப் போகும்."

தள்ளினேன். அலை மெதுவாகப் போய் மணலை நக்கித் திரும்பியது. மறுபடி தள்ளினேன். மணல் சுமந்த இடுப்பு, நோகாமல்தான் தள்ள முடிந்தது. சாயா அலை ஒவ்வொன்றாகச் சோம்பேறித்தனமாய் ஏறி, இறங்கி, ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கரை குறையவே இல்லை. நீர் தொடும் இடத்தில் ஒரு சின்ன வரப்பு முளைத்திருந்தது. நான் தள்ளத் தள்ள அது வளர்ந்தது. அலை அடியிலிருந்து மணலை ஏற்றிக்கொண்டு வந்து மேலே வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பியது.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். முகம் ஜொலித்தது. "மச்சான், கொண்டாந்து போடுதே!"

"இருங்க..."

"நம்ம மலையில போன மண்ணு போனதுதான், பவானி ஆத்துல போயித்தான் தேடோணும். இது கேக்காமயே கொண்டாந்து தருது! மனை வளருமுங்க மச்சான்!"

புத்தகத்தில் அது இருந்தது. அமைதியான பருவத்தில் மெல்லிய அலை மணலைக் கரையில் சேர்க்கும், கொந்தளிக்கும் பருவத்தில் உயரமான அலை அதை இழுத்துக்கொண்டு போகும் என்று இரண்டு வரி. இரண்டாவது வரியைப் படிக்கும்போது எனக்கு ரோமாஞ்சனம்; முதல் வரியைப் படிக்கும்போது குக்கர் விசில். என் மாப்பிள்ளை கடலில் விழாமல் தடுக்கப் போன நான், அவருக்குப் படகு கட்டிக் கொடுத்துவிட்டேன்.

"இருந்தாலும் ஒரு பந்தோபஸ்துக்கு," என்று அவர் கீழே போய் ஒரு முறம் ஜல்லி அள்ளிக்கொண்டு வந்தார். தொட்டிக்குள் முழங்கால் வேட்டியோடு இறங்கி, மணலில் கல் கட்டு எழுப்ப ஆரம்பித்தார். விரலளவு கற்கள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத்தான் வைத்தார். கொஞ்சம் பின்பக்கம் சாய்வு, நடுவில் தண்ணீர் ஓட்டை, எல்லாம் முறைப்படி. தொட்டியின் அகலத்தில் பாதிக்கு அந்தக் கட்டு வந்தது. அவ்வளவு அழகான பொருளைக் கேலி செய்ய எனக்கே மனசு வரவில்லை. கேலி செய்யாமல் இருப்பது எனக்கு ஒரு நோய் மாதிரி, அன்றைக்கு வந்தது.

"இதுக்குப் பின்னாடி நம்ம லாட்ஜ்," என்றார்.

வேணி பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "இந்தப் பக்கம்?" என்றாள், கட்டு முடிந்த இடத்தைக் காட்டி.

"எந்தப் பக்கம்?"

"போட்டோவுல ஊடுங்க இருந்துச்சே. படகு கெடந்துச்சே. அது யாருதுங்க?"

"அது அவங்க பாடு, வேணி."

அவள் இடுப்பிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, கட்டுக்கு அடுத்த வெறும் மணலில் வைத்தாள். பிறகு என்னிடம், "தள்ளுங்க அண்ணா" என்றாள். நகரச் சொல்கிறாள் என்று புரிவதற்குள் பலகை அவள் கையில் இருந்தது.

வேணி எங்கள் வீட்டில் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பேச வேண்டியதையெல்லாம் அவள் எங்கே வைத்திருந்தாள் என்று அன்றைக்குப் பார்த்தேன். பறித்துப் பறித்து முறுக்கேறிய கை. பலகையை இழுத்து அடித்தாள். அலை தொட்டிச் சுவர் உயரத்துக்கு எழும்பிப் போய் மோதியது. அது திரும்பி வருவதற்குள் அடுத்தது. அதற்குள் அடுத்தது. எனக்கு மூஞ்சியெல்லாம் சாயா.

"வேணி, மெதுவா!"

"கடல் மெதுவாத்தான் வருமாங்க?" அடுத்த அடி.

நான் கட்டி வளர்த்த வரப்பு முதலில் காணாமல் போனது. பிறகு அலை கட்டில் மோதியது. கட்டு அசையவில்லை, மாப்பிள்ளை என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். ஆனால் மோதிய தண்ணீருக்குப் போக இடமில்லை. வெறும் மணலாயிருந்தால் மேலே ஏறி ஓடி, களைத்து, பாதி உள்ளேயே ஊறிப்போயிருக்கும். இங்கே வந்த வேகத்திலேயே கீழே திரும்பி, கட்டின் காலடியைத் தோண்டியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிடி மணல். முன்னால் கடற்கரை என்று ஒன்று இருந்த இடம் பள்ளமாகிவிட்டது. கட்டு அப்போதும் கம்பீரமாக நின்றது, கீழே பிடிக்க ஒன்றும் இல்லாமல். பிறகு தலை குனிந்து, மொத்தமாக, ஒரே வரிசையாய்ச் சாயாவில் விழுந்தது.

மாப்பிள்ளை, "அஸ்திவாரம் பத்தலை" என்றார்.

மறுபடி கட்டினார். இன்னும் ஆழமாக. வேணி பலகையைப் பிடித்தபடி காத்திருந்தாள். விழுந்தது. காலடியில் பெரிய கல்லாகப் போட்டுக் கட்டினார். இம்முறை கட்டு நெடுநேரம் நின்றது. ஆனால் அதன் ஓரத்தில் முட்டிய தண்ணீர் பக்கவாட்டில் சுழன்று, கட்டு இல்லாத மணலைக் கரண்டியால் எடுப்பது போல் எடுத்தது. தீப்பெட்டி சாய்ந்தது, மிதந்தது, தொட்டியின் நடுவுக்குப் போய்விட்டது. அந்த வழியாகவே அலை பின்பக்கம் நுழைந்து லாட்ஜ் இருக்க வேண்டிய இடத்தையும் கரைத்தது.

தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் படியில் செருப்புச் சத்தம். தங்கையா. மாப்பிள்ளை வீட்டில் போய்த் தேடிவிட்டு வந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, இங்ஙனயா இருக்கிய! நாளைக்குப் பத்திரம் போட எல்லாம் ரெடி. ஐப்பசி பொறக்கதுக்கு முன்ன முடிச்சிரணும், அதுக்கப்புறம் நாள் நல்லால்ல..." தொட்டியைப் பார்த்து நின்றார். "என்ன அண்ணாச்சி, டீ போடுதியளா?"

"கடல்," என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் சிரித்தார். ஒரு வியாபாரிக்கு வரக்கூடாத நேரத்தில் வந்த சிரிப்பு. "கடல் இப்பிடித்தான் அண்ணாச்சி, எடுக்கும், குடுக்கும். அதுக்கெல்லாம் பயப்படலாமா? போட்டோ பாத்தியள்லா, மணலு எம்புட்டு அகலம்!"

"போட்டோ எந்த மாசத்துல எடுத்ததுங்க?" என்று வேணி கேட்டாள்.

"சித்திரையில."

"ஐப்பசியில எடுத்தது இருக்குதுங்களா?"

"மழையில எவன்மா போட்டோ எடுப்பான்?" அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். பெண்களோடு வியாபாரம் பேசும் பழக்கம் இல்லாதவர். "அண்ணாச்சி, ஒங்களுக்கு எப்பேர்ப்பட்ட யோகம் தெரியுமா? நீங்க கேட்டது ரெண்டாவது வரிசை மனை. நானும் ரெண்டாவது வரிசை வெலதான் சொன்னேன். இப்ப அது முதல் வரிசை! கடல் தன்னால பக்கத்துல வந்துட்டு. ஆனா வெல அதே வெல. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

தொட்டியில் ஒரு கல் 'களக்' என்று உருண்டது.

"முதல் வரிசை வாங்குனவங்க என்ன பண்றாங்க?" என்று நான் கேட்டேன்.

"அவாளுக்கு வேற எடம் பாத்துக் குடுப்போம்லா," என்றார் தங்கையா. அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். தலையாட்டல் நின்றது.

வேணி விடவில்லை. "பக்கத்துல ஊடு கட்டியிருக்கிறவங்க?"

"அவங்களுக்கென்ன, கடல் வந்தா ஊட்டப் பின்னால தள்ளிக் கட்டிக்கிடுவாங்க. காலகாலமா அப்பிடித்தானே. ஒங்க மனைக்குப் பின்னாலதான் இப்பக் கட்டிருக்காங்க. காத்து நல்லா வரும்னு சொல்லுதாங்க."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். இந்த இடத்தில் அவர் தங்கையாவைத் திட்டுவார், ஒரு வார்த்தை நாமும் சேர்த்துப் போடலாம் என்று வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் தங்கையாவைக் கவனிக்கவே இல்லை. தொட்டிக்குள் நின்றபடி, விழுந்த கற்களைத் தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவி ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றார், நிமிராமல்.

"நாளைக்கு எத்தன மணிக்கு அண்ணாச்சி..."

"நான் கையெழுத்துப் போடலீங்க," என்றாள் வேணி. அவ்வளவு நேரம் அவ்வளவு அலை அடித்தவள், இதை மூச்சு விடுகிற மாதிரி சொன்னாள்.

தங்கையா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையா என்னைப் பார்த்தார். என்னிடம் சாவிக்கொத்தைத் தவிர ஒன்றும் இல்லை. படியிறங்கிப் போனார். கீழே கார் கிளம்பும்போது யாரிடமோ "அண்ணாச்சி" என்று சொல்வது கேட்டது. அடுத்த தோட்டக்காரனாக இருக்கும்.

ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா மாப்ள, நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"மச்சான்," என்றார் அவர். "போன மாசம் ஒரு நாள் இவ பக்கத்து ஃபாக்டரிக்கு இலையைக் கொண்டுட்டுப் போனா. அன்னைக்கு வாங்கற கோட்டா முடிஞ்சுபோச்சு, இனி வாங்கறதில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. நாளைக்கு வரைக்கும் வச்சா கெட்டுப்போகும். ஒரு நாள் முச்சூடும் பறிச்ச இலையை ரோட்டோரத்துக் காவாயில கொட்டீட்டு, சாக்கை உதறி மடிச்சு, தலையில போட்டுட்டு நடந்து வந்தா. நான் வளைவுல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். அதை இன்னொருக்கா பாக்க முடியாதுங்க. அதுக்குத்தான்... மத்தபடி எனக்கு எதுக்குங்க கடல்?"

வேணி பலகையைச் சுவரில் சாய்த்தாள். "நீங்க பாத்தீங்களா?" என்றாள்.

அவர் கையிலிருந்த கல்லைக் கரையில் வைத்தார்.

"பாத்தவரு வந்து ஒரு கை புடிச்சிருக்கலாமுல்ல," என்றாள். "ஈர இலை, கொட்டத் தூக்கறப்ப என்ன கனம் கனத்துச்சு."

நான் கைவசம் வைத்திருந்த கேலிகளில் ஒன்றுகூட அந்த இடத்துக்கு ஒத்துவரவில்லை. என் ஃபாக்டரி திறந்திருந்தால் அந்த இலை இதே தொட்டியில்தான் வாடியிருக்கும். தீப்பெட்டியை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அடுத்த சில நாட்கள் மாப்பிள்ளை என் பக்கமே வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். ரேகா, "வெக்கமா இருக்கும்" என்றாள். அப்புறம் ஒரு காலையில் நாலைந்து சாக்கோடு வந்து நின்றார்.

"மச்சான், அந்தக் கடற்கரை உங்களுக்கு இனி வேணுமா?"

"ஏனுங்க?"

"தோட்டத்துக் கட்டுக்கு அடியில போயிப் பாத்தேன். மேல ஒண்ணும் தெரியலை, ராசா மாதிரித்தான் நிக்குது. காவா அடைச்சுத் தண்ணி கால்மாட்டுல சுத்திச் சுத்தி அடி மண்ணு குடைஞ்சு கெடக்குது. நம்ம கட்டுதானே, என்ன ஆயிரப்போகுதுன்னு நானும் திரும்பிப் பாக்கலை. ஐப்பசிக்கு முன்னாடி காவாயைத் திருப்பி, அடிக்கு ஒரு தளம் போட்டுடோணும். மணல் வேணும்."

மணல் முதலாளியுடையது. உங்களை நம்பித்தான் என்று சொல்லிவிட்டுப் போனவர். நானும் அவர் என்னை நம்பிய அளவுக்கு யோசித்துப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

தேயிலை விலை ஏறவில்லை. அந்த வருஷமும் ஏறவில்லை, அடுத்த வருஷமும் ஏறவில்லை. நிபுணர்கள் மறுபடி வந்தார்கள், காப்பி குடித்தார்கள். வேணி இலை சுமந்து போகும் நாட்களில் சாக்கின் மறுமுனையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டு போவார். வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருமாகக் கொட்டிவிட்டு, இரண்டு பேருமாகத் திட்டிக்கொண்டே திரும்பி வருவார்கள். திட்டில் பாதி எனக்கு என்று கேள்வி.

மண்வெட்டி எடுத்துக் கொடுத்த அன்றைக்கு மத்தியானத்துக்குள் தொட்டி காலி. சாக்கு சாக்காக என் கடற்கரை மாடிப்படி இறங்கிப் போயிற்று. புவியியல் புத்தகத்தில் அரிப்புக்கு எத்தனையோ காரணம் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை என்று ஒன்றைக் காணோம். ரேகாவிடம் சொன்னேன். அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லி எழுதிப் போடுவதாகச் சொன்னாள். முதலில் குக்கரை இறக்கிவைக்கச் சொன்னாள்.